இங்கே பட்டி பார்க்கவும்

அடுத்தவர் பாடுபட்டுச் செய்த பொருளைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இது சரியில்லை" என்று சொல்வது என் தொழில். சந்தையில் கத்தரிக்காயைக் காம்போடு திருப்பிப் பார்த்துவிட்டுக் கூடையிலேயே போட்டவர்களுக்கும், தைத்து வந்த சட்டையின் காலரை இழுத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தவர்களுக்கும் இதில் கிடைக்கிற மரியாதை என்னவென்று தெரியும். அவர்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஷெட் திருமங்கலம் போகிற சாலையில், கப்பலூர்ப் பக்கம் இருக்கிறது. பக்கெட் கைப்பிடி, சீப்பு, டப்பா மூடி எல்லாம் பிளாஸ்டிக்கில் வார்க்கிறோம். இடையிடையே விமானமும் வார்க்கிறோம். பறக்கிற விமானம் அல்ல; பெட்டியில் துண்டு துண்டாக வரும், வாங்குகிறவர் ஒட்டி, தேய்த்து, வர்ணம் அடித்து மேசைமேல் வைத்துக்கொள்கிற மாதிரி விமானம். முதலாளி தவமணி அண்ணன் டி. கல்லுப்பட்டிப் பக்கத்துப் பருத்தி விவசாயக் குடும்பம். அவருக்கு விமான ஆசை எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. கேட்டால், மதுரை ஏர்போர்ட் பக்கத்தில்தானே இருக்கிறது என்பார்.

பெரிய கம்பெனிகள் எஃகில் டை, அதாவது வார்ப்பு அச்சு, செய்து லட்சக்கணக்கில் வார்க்கும். துண்டுகள் பூட்டும் சாவியும்போலப் பொருந்தும். நாங்கள் அலுமினியத்தில் டை வெட்டி, சில நூறு பெட்டியோடு நிறுத்திக்கொள்கிற சாதி. இதற்கு ஷார்ட் ரன் என்று பெயர். பெரிய கம்பெனிகள் போர் விமானங்களை விட்டு இறங்குவதில்லை என்பதால், யாரும் சீண்டாத விமானங்கள் எங்களுக்கு மிஞ்சும். எங்களுடையது பயிருக்கு மருந்தடிக்கிற ஒற்றை இஞ்சின் விமானம். அது பெட்டிக்குள் போகலாமா கூடாதா என்று சொல்வது நான். ஒரு மிஷன் பள்ளியில் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தேன், பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் ஷெட்டில் எனக்கு டீச்சர் என்றுதான் பெயர். பெயிலாக்குகிறவர் யாராக இருந்தாலும் டீச்சர்தான்.

மூன்று சொல்

என்னிடம் மதிப்பெண் கிடையாது. தேறும், தேறாது, பார்த்துக்கலாம் என்று மூன்று சொல்தான். டையின் இரண்டு பாதிக்கும் நடுவே பிதுங்கி வருகிற மெல்லிய தோலைப் பிசிறு என்போம். கத்தியால் சீவினால் போய்விடும், ஆகவே பார்த்துக்கலாம். தடித்த இடத்தில் பிளாஸ்டிக் ஆறும்போது குழி விழும். நிரப்பித் தேய்த்தால் சரியாகிவிடும், அதுவும் பார்த்துக்கலாம். இறக்கை முறுக்கிக்கொண்டு வந்தால் தேறாது. தேறும் என்கிற சொல்லை நான் அதிகம் செலவழித்ததில்லை.

பார்த்துக்கலாம் என்பதில் ஒரு வசதி உண்டு. யார் பார்ப்பது என்று அந்தச் சொல் சொல்லாது. கல்யாண வீட்டில் ஆரம்பித்து ஆஸ்பத்திரி வரைக்கும் மதுரையில் பாதிக் காரியம் இந்தச் சொல்லில்தான் நடக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரே விமானத்தில் அளவுக்கு மீறிப் பார்த்துக்கலாம் சேர்ந்துவிட்டதைக் கண்டு, "இம்புட்டையும் யாரு அண்ணே பாத்துக்குவா?" என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் பெட்டியை மூடிக்கொண்டே சொன்னார்: "வாங்குறவன்தான். அம்புட்டையும் நாமளே பாத்துட்டா அவனுக்கு என்ன வேலை இருக்கு டீச்சர்?"

புது வண்டி

எங்கள் பக்கம் பட்டி என்றால் ஊர். பெயின்ட் அடிக்கிறவர்களுக்கு அது மாவு. ஒடுங்கிய கார்க் கதவில் அப்பி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, மேலே வர்ணம் அடித்தால் அடிபட்ட இடம் தெரியாது. இதற்குப் பட்டி பார்ப்பது என்று பெயர். எங்கள் விமானத்தின் இரண்டு பாதிகளுக்கு இடையில் வருகிற இடுக்கை அடைக்கவும் அதுதான். மாதிரி விமானத்துக்கென்றே வெளிநாட்டில் தனிப் பட்டி விற்கிறார்களாம். எங்களுக்கு சிம்மக்கல் பெயின்ட் கடைப் பட்டியே போதும்.

முதல் தடவை வாங்கப் போனபோது கடைக்காரர் டப்பாவை எடுக்காமல் வண்டியை விசாரித்தார். காருக்கு ஒன்று, லாரிக்கு ஒன்று கொடுப்பார்போல. விமானம் என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அடிபட்டதா?" என்றார். இல்லை, புதுசு என்றேன். அப்போதுதான் தலையைத் தூக்கினார். "புது வண்டிக்கு எதுக்கும்மா பட்டி?"

எட்டுப் பொருத்தம்

டை வெட்டுகிறவர் பாண்டி. அலுமினியக் கட்டியில் விமானத்தின் வடிவத்தைக் குடைந்தெடுப்பது அவர் வேலை. முன்பு சீப்புக்கு வெட்டிக்கொண்டிருந்தார். சீப்புக்கு இடது வலது கிடையாது. விமானத்தின் உடம்புக்கு உண்டு. இடது பாதி ஒரு டையிலும் வலது பாதி ஒரு டையிலும் வரும். அவை நகராமல் பிடித்துக்கொள்ளப் பெரிய கம்பெனிகள் முளையும் துளையும் வைக்கும். எங்களிடம் அதுவும் கிடையாது. ரப்பர் பேண்டு போட்டுக் கையால்தான் சரிபார்க்க வேண்டும்.

முதல் ஜோடி கைக்கு வந்தபோது, மூக்கைச் சேர்த்தால் வாலில் நகக்கனம் தள்ளியது. வாலைச் சேர்த்தால் ஓட்டுகிறவர் உட்காருகிற இடத்தில் படிக்கட்டு விழுந்தது. நடுவில் சேர்த்தால் இரண்டு முனையிலும் தப்பு. பாண்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு மூக்கிலிருந்து வால்வரை பார்த்தார். ரப்பர் பேண்டைக் கழற்றி மறுபடி போட்டுப் பார்த்தார். நான் தேறாது என்று சொல்லப்போவது அவருக்குத் தெரிந்துவிட்டது. "ஜாதகத்துல பத்துக்கு எட்டுப் பொருத்தம் இருந்தா கல்யாணமே முடிச்சு வைக்கிறாங்க டீச்சர். இதுக்கு ஏழாச்சும் தேறாதா?"

உடைந்த சாமான்

முதலில் வார்த்ததில் கொஞ்சம் பெட்டிகளை முதலாளியின் மச்சினர் தன் ஃபேன்சி ஸ்டோரில் வைத்து விற்றார். பெட்டியில் இருந்தது ஷெட்டின் போன் நம்பர். எடுப்பது நான். ஒரு நாள் ஓர் அம்மா பேசினார். மகன் பிறந்தநாளுக்கு வாங்கினாராம். மேலே விமானம் படம், உள்ளே எல்லாம் உடைந்து கிடக்கிறது, மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். அது உடையவில்லை, அப்படித்தான் வரும், நீங்கள்தான் ஒட்ட வேண்டும் என்று பொறுமையாக விளக்கினேன். எந்தப் பசை, எந்தத் துண்டோடு எந்தத் துண்டு என்பதையும் சொன்னேன். சரி என்று வைத்துவிட்டார்.

சில நாள் கழித்து மறுபடியும் அவரே பேசினார். குரலில் கோபம் இல்லை. குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று சொல்கிற குரல்தான். எங்கள் விமானத்தைப் பற்றி இத்தனை சுருக்கமாக நானும் சொன்னதில்லை. "நீங்க சொன்ன மாதிரியே ஒட்டிப் பாத்தோம்மா. உடைஞ்ச சாமானா இருந்தாக்கூட ஒண்ணோட ஒண்ணு சேருமே. இது சேரவும் மாட்டேங்குதே!"

சையது பாய்

பொருந்துகிறதா என்று பார்ப்பது பாதி வேலைதான். நிஜ விமானம் மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பது மீதி. அதற்கு கோரிப்பாளையத்தில் ஒருவரைப் பிடித்தோம். சையது பாய் இதே விமானத்துக்கு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தெந்த ஊர்க் காட்டிலோ மருந்தடிக்கிற விமானத்தோடு கூடாரம் போட்டுத் திரிந்தவர். எங்கள் உடம்புப் பகுதியைக் கையில் வாங்கியதும் கட்டைவிரலால் முன்பக்கத்தை ஒருமுறை தடவிவிட்டு, மூக்கு சப்பை என்றார். படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தோம்; சப்பைதான். பாண்டி அந்த டையை மறுபடி வெட்டினார்; வால் மட்டும் பழையபடி தள்ளியே நின்றது, அதைப் பார்த்துக்கலாம் ஆக்கிவிட்டேன். மூக்கு விஷயத்தில் பாய் சொன்னது சரி.

மற்ற விஷயங்களில் அப்படிச் சொல்ல முடியாது. புகைக்குழாய் இடப்பக்கம்தான் என்று ஒற்றைக்காலில் நின்றார். நான் போட்டோவைக் காட்டினேன், வலப்பக்கம் இருந்தது. போட்டோவைத் திருப்பிப் பிரிண்ட் போட்டிருப்பான் என்றார். விமானத்தின் மேல் எழுதியிருந்த எழுத்தைக் காட்டி, திருப்பியிருந்தால் இது இடம் வலம் மாறித் தெரியும் பாய் என்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். உள்ளேயிருந்து வந்த டீயும் ஆறிவிட்டது. பிறகு போட்டோவை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "அப்ப அந்தப் பிளேனைத்தான்மா திருப்பிச் செஞ்சிருப்பான்."

காயலான் கடை

எங்களிடம் மொத்தமாக வாங்குவதாகச் சொன்னது ஒரே ஒருவர். கோயம்புத்தூர்க்காரர். இந்த மாதிரிப் பெட்டிகளை இன்டர்நெட் வழியாக உள்ளூரிலும் வெளிநாட்டிலும் விற்கிறார். அவருக்கு ஏற்கெனவே இரண்டு தடவை தவணை சொல்லியிருந்தோம். ஒரு தடவை மூக்குக்காக. இன்னொரு தடவை, ஓட்டுகிறவர் தலைக்கு மேல் வருகிற கண்ணாடி, மோர் கலந்த மாதிரி மங்கலாக வந்ததற்காக. தீபாவளிக்கு முன்னால் ஒரு கண்காட்சியில் அவர் கடை போடுகிறார். அதற்கு வராவிட்டால் அப்புறம் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

முதலாளி அதை எங்களிடம் சொன்னபோது கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. பாண்டி டையைப் பனியன் வேஸ்ட் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்; துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். வருஷத்தில் பெரும்பகுதியை அந்த அலுமினியத்துக்குக் கொடுத்திருந்தார். திரும்ப சீப்புக்குப் போவதென்றால் அவருக்கு எப்படி இருக்கும் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் ஒரு கணக்கு இருந்தது. பக்கெட் கைப்பிடியை மதிப்பிட ஆள் வேண்டியதில்லை. தண்ணீர் நிரப்பித் தூக்கிப் பார்த்தால் போதும். முதலாளி போகிறபோக்கில் டைமேல் உள்ளங்கையை வைத்தார். இந்தத் தடவையும் சரக்கு போகாவிட்டால் இதையெல்லாம் காயலான் கடையில் போட்டுவிட்டு நிம்மதியாகக் கைப்பிடி அடிக்கலாம் என்றார். வாசல்வரை போய்த் திரும்பி, பாண்டியைப் பார்த்து, "மாப்ள, அலுமினியம் கிலோ என்ன போகுதுன்னு சும்மா விசாரிச்சு வை" என்றார்.

வெளியே ஒன்று, உள்ளே ஒன்று

மற்ற துண்டுகளெல்லாம் வார்த்து முடித்து, இறக்கை மட்டும் பாக்கி இருந்தபோது ஆயுத பூஜை வந்தது. பூஜையன்று நான் பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிடுவேன். மெஷினுக்கும் டைக்கும் பொட்டு வைப்பது பாண்டி. மறுநாள் நல்ல நாள் என்று இறக்கை முழுவதையும் ஒரே மூச்சில் வார்த்துவிட்டார்கள். அதற்கடுத்த நாள் மெஷினில் பக்கெட் கைப்பிடி டை ஏறிவிட்டது. தீபாவளிவரை அது இறங்காது. ஷெட்டுக்குச் சோறு போடுவது அதுதான்.

இறக்கை என் மேசைக்கு வந்தபோது அதில் ஒரு வட்டம் இருந்தது. உடம்போடு சேருகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, மிளகைவிடச் சிறியதாக, ஆழம் அதிகமில்லாத ஒரு குழிவட்டம். அத்தனை சுத்தமான வேலையை எங்கள் விமானத்தில் நான் பார்த்ததில்லை. எண்ணெய் ஊற்றுகிற மூடி என்றுதான் முதலில் நினைத்தேன். வரைபடத்தைப் பார்த்தேன், இல்லை. இருக்கிற போட்டோவையெல்லாம் பார்த்தேன், இல்லை. இறக்கை டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, அதே இடத்தில் மஞ்சளாக ஒரு பொட்டு உட்கார்ந்திருந்தது. சந்தனம்.

சந்தனம் ஒரு டைக்குள் இத்தனை நேரம் நிற்காது, சூட்டில் உதிர்ந்துவிடும். பாண்டியைக் கேட்டேன். போன வருஷம் அப்படித்தான் உதிர்ந்ததாம். அபசகுனம் என்று முதலாளி வீட்டு அண்ணி சொன்னாராம். அதனால் இந்தத் தடவை பாண்டி, சந்தனத்தில் என் டப்பாவிலிருந்து கொஞ்சம் பட்டியை எடுத்துக் குழைத்துவிட்டார். சரி, டைக்கு வெளியே வைத்தால் போதாதா, உள்ளே எதற்கு என்றேன். அவர் என்னை, சின்ன விஷயம்கூடத் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "வெளிய வச்சா அது மெஷினுக்கு டீச்சர். பிளேனுக்கு எங்க வைக்கிறது?"

மூடி

தேறாது என்றேன். முதலாளி இறக்கையை வாங்கிப் பார்த்தார். "இதுலயா? அழகாத்தானே இருக்கு?" என்றார். அதுதான் அண்ணே சிக்கல் என்றேன். பிசிறு தன்னைப் பிசிறு என்று காட்டிக்கொள்ளும். குழி தன்னைக் குழி என்று காட்டிக்கொள்ளும். வாங்குகிறவர் சீவுவார், நிரப்புவார். இந்த வட்டத்தை யாரும் தொடமாட்டார்கள். மெனக்கெட்டுச் செய்திருக்கிறார்கள் என்று மெச்சிக்கொண்டு, சுற்றி ஒரு கோடு இழுத்து, வெள்ளி வர்ணம்கூட அடிப்பார்கள். விமானத்தில் இல்லாத ஒன்று, நாங்கள் சொல்லி, இருக்கிறதாக ஆகிவிடும்.

பாண்டி ஓரமாக நின்றார். ஒவ்வொரு இறக்கையையும் நாங்களே பட்டி பார்த்துத் தேய்த்து அனுப்ப ஆளும் இல்லை, நாளும் இல்லை. கைப்பிடி டையை இறக்கச் சொல்லும் துணிச்சல் எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை. பேசாமல் அனுப்பினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நான் மாட்டேன் என்றால் டை காயலான் கடைக்கு. முதலாளி கத்தவில்லை. சமாதானம் பேசுகிற குரலில், பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னார்: "வாங்குறவன் மூடின்னு நெனச்சா நெனச்சுட்டுப் போறான். தெறந்து பாக்கவா போறான் டீச்சர்?"

மூக்கு

சையது பாயைக் கேட்போம் என்று சொன்னதும் முதலாளிதான். புகைக்குழாய் விஷயத்தில் பாய் தன் ஞாபகத்துக்கு ஏற்ப விமானத்தையே எப்படித் திருப்பினார் என்பது அவருக்குத் தெரியும். அந்த இடத்தில் ஏதோ ஒரு மூடி இருந்ததாக பாய் ஞாபகப்படுத்திக்கொண்டால் போதும், எனக்கு வாயடைத்துவிடும். மூன்று பேரும் ஒரே வண்டியில் போக முடியாததால் நான் டவுன் பஸ்ஸில் கோரிப்பாளையம் போய் இறங்கினேன். எனக்கு முன்பே அவர்கள் இரண்டு பேரும் பாய் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி முகத்தில் நம்பிக்கை தெரிந்தது. "இங்க ஒரு மூடி இருந்துச்சுல்ல பாய்?" என்று கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கேட்டார்.

பாய் இறக்கையை ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். விரலால் வட்டத்தைத் தடவினார். மூடியெல்லாம் இல்லை என்றார். முதலாளி டம்ளரைக் கீழே வைத்தார். அப்ப இது என்ன என்று பாய் கேட்டதற்கு, பாண்டி ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: பூஜைப் பொட்டு. பாய் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. அவர்கள் விமானத்துக்கும் வருஷா வருஷம் பூஜை உண்டாம். பைலட்டே தேங்காய் உடைப்பாராம். பாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். பார்த்தீர்களா என்பதுபோல முதலாளி என்னைப் பார்த்தார். நானும் ஒரு நிமிஷம் யோசித்தேன். நிஜ விமானத்தில் பொட்டு இருந்தது என்றால், மாதிரி விமானத்தில் இருப்பது தப்பாகுமா? பாய் இறக்கையை என்னிடம் நீட்டினார். "வைப்பாங்கம்மா. ஆனா மூக்குலதான வைப்பாங்க. ரெக்கையில யாரு பொட்டு வைப்பா?"

அம்புக்குறி

திரும்பி வந்ததும் நான் செய்முறைத் தாளை எடுத்தேன். எந்தத் துண்டை எதோடு ஒட்ட வேண்டும் என்று படம் போட்டு, நகல் எடுத்துப் பெட்டிக்குள் வைக்கிற தாள் அது. இறக்கைப் படத்தில் அந்த இடத்துக்கு ஓர் அம்புக்குறி போட்டு எழுதினேன்: 'இந்த வட்டம் விமானத்தில் கிடையாது. பூஜையில் டைக்குள் வைத்த சந்தனப் பொட்டின் தடம். இங்கே பட்டி பார்க்கவும்.' கீழே அதையே ஆங்கிலத்திலும் எழுதினேன். இந்தத் தாளோடு போனால் பார்த்துக்கலாம், இல்லாவிட்டால் தேறாது என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் இரண்டு தடவை படித்தார். சொந்தக் கடையின் குறையைத் தானே அச்சடிக்கிற முதல் ஆள் நான்தான் என்று யாரிடமோ புகார் சொல்வதுபோலச் சுவரைப் பார்த்துச் சொன்னார். ஆனால் நகல் எடுக்கக் கொடுத்தனுப்பினார். சந்தனம் என்கிற சொல்லை மட்டும் எடுத்துவிடலாமா என்று பாண்டி கேட்டார். எடுக்கவில்லை.

பெட்டிகள் கோயம்புத்தூருக்குப் போயின. கண்காட்சி முடிந்து தீபாவளியும் முடிந்து, மெஷினிலிருந்து கைப்பிடி டை இறங்கிய பிறகும் அங்கிருந்து பேச்சு இல்லை. இறக்கிய இடத்தில் எதை ஏற்றுவது என்று யாரும் கேட்கவில்லை. விமான டைகள் சுவரோரம் அடுக்கியபடி இருந்தன. பாண்டி அவற்றின் பக்கம் போகாமல் சீப்பு டைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் போன் வந்தது. முதலாளி ஸ்பீக்கரில் போட்டார். பெட்டிகள் எல்லாம் விற்றுப் போய்விட்டன என்றார் கோயம்புத்தூர்க்காரர். அம்புக்குறியைப் பார்த்துச் சிரித்தார்களாம். சிரித்துவிட்டு, இவ்வளவு சின்ன வட்டத்தைச் சொல்கிறவர்கள் வால் பொருந்தாததை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்களாம். மறுபடியும் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் ஒரு கண்டிஷன் என்றார். முதலாளி என்னைப் பார்த்தார், பாண்டியைப் பார்த்தார், என்னங்க கண்டிஷன் என்றார். "ஒரே ஒரு தப்புக்குத்தானுங்க அம்பு போட்டிருக்கீங்க. மிச்சத்துக்கெல்லாம் எப்பங்க போடுவீங்க?"

இப்போது எங்கள் செய்முறைத் தாளில் துண்டுகளைவிட அம்புகள் அதிகம். வாலுக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு கும்பல். பாண்டி டைக்குள் இருந்த பொட்டைச் சுரண்டி எடுத்தார். பட்டி கலந்திருந்ததால் அது லேசில் வரவில்லை, சுரண்டிய இடத்தில் ஒரு கீறல் விழுந்து, இப்போது ஒவ்வொரு இறக்கையிலும் கீறலாக வருகிறது. அதற்கும் அம்பு போட்டாயிற்று. எங்கள் விமானம் இன்னும் விற்பனையில் இருப்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே காரணம், அதன் குறைகளை நாங்கள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை என்பதுதான்.